பஸ் வேறு, பஃஸ் வேறு

தேனீ போடும் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் ஒன்று உண்டு: பி, யூ, இசட், இசட். படக்கதைப் புத்தகங்களில் தேனீக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகும் புள்ளிக்கோட்டின் ஓரத்தில் எழுதியிருக்குமே, அதே சொல்தான். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூடப் பார்த்ததும் தெரிந்துவிடும். பார்க்காமல், காதால் கேட்டு எழுதச் சொல்லும்போதுதான் சிக்கல். சொல்வதெழுதலில் டீச்சர் தேனீயைச் சொல்வார். பிள்ளையின் நோட்டில் பள்ளி பஸ் வந்து நிற்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் என்று சுற்றிலும் தோட்டங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு பஸ் என்பது விடிந்ததும் காதில் விழும் சொல். "பஸ்ஸு வந்துடுச்சு, ஓடு!" என்று தமிழில் பஸ்ஸு. நிறுத்தத்துப் பலகையில் மலாயில் பி, ஏ, எஸ். ஆங்கிலப் பாடத்தில் பி, யூ, எஸ். மூன்று மொழியிலும் ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே ஒலி. இதற்கெல்லாம் பழகிய காது, நான்காவதாகத் தேனீ வந்தாலும் பஸ் என்றே வாங்கிக்கொள்கிறது. பி, ஏ, இசட், இசட் என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. அது மலாய் எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்துக்குள் நுழைவதால் வருவது. இந்த அகர ஒலிக்கு மலாயில் ஏ போடுகிறோம், ஆங்கிலத்தில் யூ போடுகிறோம் என்பதை ஒரு தடவை அருகருகே எழுதிக் காட்டினால் அந்தத் தவறு சீக்கிரம் போய்விடும். இசட் அவ்வளவு சுலபமாக வராது.

தமிழில் இசட் ஒலிக்கு எழுத்தில்லை. எழுத்தின் பெயரை "இசட்" என்று எழுதும்போதுகூட அந்த ஒலி அதில் இல்லை. எஃப் ஒலிக்கு ஆய்தம் சேர்த்து 'ஃப' என்று எழுதுகிறோம் அல்லவா, அதேபோல் இந்தப் பதிவு முழுக்க இசட் ஒலி வரும் இடத்தில் 'ஃஸ' என்று எழுதுகிறேன். பஸ் என்றால் வண்டி. பஃஸ் என்றால் தேனீ.

தொண்டையில்தான் வித்தியாசம்

எஸ் ஒலிக்கும் இசட் ஒலிக்கும் நாக்கு நிற்கும் இடம் ஒன்றே. நுனி நாக்கு மேல்பல் ஈறுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நிற்கும். இடையில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும். எஸ்ஸில் காற்று மட்டும் வரும். இசட்டில் காற்றோடு தொண்டையும் அதிரும். வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை.

தமிழிலும் தொண்டை அதிரும் ஒலிகள் நிறைய உண்டு. 'கப்பல்' என்னும்போது ப அதிராது. 'கம்பம்' என்னும்போது அதே ப அதிரும். 'பட்டு' என்பதில் ட அதிராது. 'பாடு' என்பதில் அதிரும். ஆனால் எங்கே அதிர வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் எழுத்து முடிவு செய்கிறது. அதிர்வை மாற்றிச் சொன்னால் கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்குமே தவிர, வேறு சொல்லாகிவிடாது. அதனால் தமிழ்க் காது அதிர்வைக் கேட்டாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அதிர்வு மாறினால் சொல்லே மாறிவிடும். ரைஸ் என்றால் அரிசி, ரைஃஸ் என்றால் எழு. ஐஸ் என்றால் பனிக்கட்டி, ஐஃஸ் என்றால் கண்கள். பிரைஸ் என்றால் விலை, பிரைஃஸ் என்றால் பரிசு. லூஸ் என்றால் தளர்ந்தது, லூஃஸ் என்றால் தொலைத்துவிடு. பெயர்ச்சொல்லாக அட்வைஸ், வினைச்சொல்லாக அட்வைஃஸ். பிள்ளைக்குக் காதில் கோளாறு இல்லை, கவனமும் குறையவில்லை. தாய்மொழி கேட்காத ஒரு வித்தியாசத்தை இந்த மொழி கேட்கிறது, அவ்வளவுதான். இதைப் பெற்றோருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். பத்துத் தடவை எழுத வைப்பதால் இது சரியாகாது, ஏனென்றால் தவறு கையில் இல்லை.

பழக்குவதற்கு நல்ல வழி, எஸ்ஸிலிருந்து தொடங்காமல் மகர மெய்யிலிருந்து தொடங்குவது. இரண்டு விரலைக் குரல்வளையின் மேல் வைத்துக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று நீட்டச் சொல்லுங்கள். அதிர்வு விரலுக்குத் தெரியும். நிறுத்தாமல், அந்த அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே உதட்டைத் திறந்து, பல்லை லேசாகச் சேர்த்து, நாக்கை எஸ் சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வருவது இசட். பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று மாற்றச் சொன்னால் விரலுக்கடியில் சட்டென்று அடங்கிவிடும். இப்படி மாற்றி மாற்றி ஒரே மூச்சில் நான்கைந்து தடவை. விரலுக்குத் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையை இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். எஸ் மெல்லிசாகக் கேட்கும். இசட் தலைக்குள்ளேயே ஒரு தேனடை இருப்பதுபோல் இரையும். சின்னப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும், விடாமல் செய்வார்கள்.

தவறு இரண்டு வகையில் வரும். ஒன்று, இசட் 'ஜ' ஆகிவிடுவது. "பஜ்" என்று வரும். ஜகரத்துக்கு நாக்கு ஒரு கணம் மேலே ஒட்டி அடைத்துவிட்டுத்தான் விடும். இசட்டுக்கு அடைப்பே கிடையாது. சோதிக்க ஒரு சுலபமான வழி: ஒலியை மூச்சு இருக்கும்வரை நீட்டச் சொல்லுங்கள். இசட்டை நீட்டலாம். ஜகரத்தை நீட்ட முடியாது, நீட்டினால் வேறு ஒலியாகிவிடும். "ஜமான்" என்று சொல்லாமல் மலாய்ச் சொல்லை ஃஸமான் என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு ஆங்கில இசட் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. ஃஸிராஃபா, இஃஸின் என்று மலாய்ப் பாடத்தில் படித்த சொற்களை எடுத்து, "அந்தச் சத்தம்தான் இது" என்று காட்டினாலே போதும். மலேசியப் பிள்ளைக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு இது. ஆங்கிலப் பாடத்தில் மலாய்ச் சொல்லைத் தொடக்கூடாது என்று நினைப்பவர்கள் இதை வீணாக்குகிறார்கள்.

இரண்டாவது, சொல்லின் முடிவில் உகரம் ஒட்டிக்கொள்வது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் பஸ் பஸ்ஸு ஆகிறது, பஃஸ்ஸும் பஃஸ்ஸு ஆகிவிடும். உதட்டைக் குவிக்காமல் பல் சேர்ந்த நிலையிலேயே மூச்சை நிறுத்தினால் உகரம் வராது.

இவ்வளவு சொல்லிக்கொடுத்த பிறகும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரின் பதிவைக் கேட்டால் குழப்பம் வரும். அவர்கள் சொல்லும்போது கடைசி இசட் அவ்வளவாக அதிர்வதே இல்லை, பாதியிலேயே அடங்கிவிடும். பிறகு எப்படி அவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறது? உயிரொலியின் நீளத்தில். எஸ்ஸுக்கு முன்னால் வரும் உயிர் குறுகும், இசட்டுக்கு முன்னால் வரும் உயிர் நீளும். நம் கணக்கில் சொன்னால் பஸ்ஸில் அகரம் ஒரு மாத்திரை, பஃஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை. இரண்டு மாத்திரைக்குப் போய்விட்டால் "பாஸ்" ஆகி, வேறு சொல்லாகிவிடும். பஸ்ஸைச் சட்டென்று வெட்டு, பஃஸ்ஸைக் கொஞ்சம் இழு. தொலைபேசியிலோ வகுப்பறையின் பின்வரிசையிலோ கேட்பவருக்கு இந்த நீளம்தான் முதலில் போய்ச் சேரும்.

இரண்டு இசட் எதற்கு?

"டீச்சர், ஒரு இசட் போட்டாலே சத்தம் வருதே, எதுக்கு ரெண்டு?" நல்ல கேள்வி, விதியும் நல்ல விதி. ஓரசைச் சொல்லில் ஒரே ஒரு குறில் உயிரெழுத்து வந்து, அடுத்து எஃப், எல், எஸ், இசட் ஆகிய நான்கில் ஒன்றோடு சொல் முடிந்தால், பெரும்பாலும் அந்தக் கடைசி எழுத்து இரட்டிக்கும். ஆஃப், ஹில், மிஸ், பஃஸ் எல்லாம் இப்படித்தான். ஜாஃஸ், ஃபிஃஸ், ஃபஃஸ் என்று இசட்டில் முடியும் மற்றச் சொற்களும் இதே வரிசை.

அப்படியானால் பஸ்ஸுக்கு ஏன் ஒற்றை எஸ்? ஏனென்றால் அது முழுச் சொல் இல்லை, ஒரு வால். ஆம்னிபஸ் என்ற சொல்லின் கடைசித் துண்டு. லத்தீனில் 'எல்லாருக்கும்' என்று பொருள். அதனால் நான்கெழுத்துத் தேனீக்கு விதி உண்டு, மூன்றெழுத்து வண்டிக்கு விதிவிலக்கு. கேஸ், யெஸ், திஸ், இஃப், குவிஃஸ் ஆகியவையும் விதிவிலக்கில் சேரும். குவிஃஸ் ஒற்றை இசட்டோடு முடிந்தாலும் பன்மையில் இரட்டை இசட் வரும் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அடிக்கடி தவறு வரும் இடம் அது.

இரட்டை எஸ் போட்டு பி, யூ, எஸ், எஸ் என்று எழுதும் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்படியும் ஒரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. பழைய சொல், முத்தம் என்று பொருள். கணினி அதைத் தவறென்று சிவப்புக்கோடு போட்டுக் காட்டாமலே விட்டுவிடலாம்.

விகுதி சேரும்போது சொல் இப்படி மாறும். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு இ-எஸ் சேர்த்து பஃஸிஃஸ்: இரண்டு அசை, இரண்டு இசட் ஒலி. எஸ் மட்டும் போட்டால் நாக்கு திணறும், அதனால்தான் நடுவில் இ. இறந்தகாலத்தில் இ-டி சேரும், ஆனால் உச்சரிப்பில் ஓரசைதான்: பஃஸ்ட். "பஸ்ஸெட்" என்று இரண்டசையாகச் சொல்வது இங்கே மிகப் பரவலான தவறு. அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும் டகர ஒலியில் முடியும் வினைக்கு மட்டும்தான் அந்த இகர அசை தனியாக ஒலிக்கும். ஐ-என்-ஜி சேர்த்தால் பஃஸிங். வண்டியின் பன்மை பி, யூ, எஸ், இ, எஸ்: ஒற்றை எஸ். தேனீயின் வினை பி, யூ, இசட், இசட், இ, எஸ். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் கண்ணுக்கும் பழகும்.

அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வித்தியாசம் இந்தச் சொல்லுக்கு இல்லை. விர்ரென்று பாய்வதைக் குறிக்கும் விஃஸ் என்ற சொல்லுக்கு உண்டு. அமெரிக்கர்கள் அதில் ஓர் இசட்டைக் குறைத்துவிடுவார்கள். படக்கதையில் பி-க்குப் பிறகு யூ இல்லாமல் ஐந்தாறு இசட் வரிசையாகப் போட்டிருப்பது சொல் அன்று, சத்தத்தின் படம். அதில் எத்தனை இசட் என்று கணக்குக் கிடையாது. கட்டுரையில் அதை எழுதக்கூடாது.

இன்னொன்று. 'தேனீக்கள் ரீங்காரமிடும்' என்பதை இரண்டே சொல்லில் ஆங்கிலத்தில் சொன்னால் "பீஃஸ் பஃஸ்". இரண்டுமே இசட் ஒலியில் முடிகின்றன. ஆனால் முதற்சொல்லில் எழுதுவது ஒற்றை எஸ். இசட் ஒலி ஆங்கிலத்தில் அரிதில்லை, எஸ்ஸின் வேடத்தில் எங்கும் இருக்கிறது: இஃஸ், வாஃஸ், ஹிஃஸ், ப்ளீஃஸ், பிஃஸி, ம்யூஃஸிக், ஈஃஸி. பன்மை எஸ்ஸும் அப்படித்தான். முன்னால் இருப்பது அதிராத ஒலியானால் கேட்ஸ். அதிரும் ஒலியானாலோ உயிரானாலோ டாக்ஃஸ், ட்ரீஃஸ். பஃஸ் என்ற ஒரு சொல்லை ஒழுங்காகச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு இத்தனையும் கூடவே சரியாகிவிடும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு நேரம் செலவழிக்கலாம் என்கிறேன்.

எந்தச் சத்தம் பஃஸ்?

தேனீ பறக்கும்போது இறக்கை வினாடிக்குச் சுமார் 230 தடவை அடிக்கிறது. அதிர்வும் இரைச்சலும் கலந்த சத்தம். ஆங்கிலக் காது அந்த இரைச்சலைப் பிடித்து இசட்டில் போட்டது. தமிழ்க் காது முழக்கத்தைப் பிடித்து மூக்கொலியில் போட்டது: ரீங்காரம், ஙொய்ங், கொய்ங். பழந்தமிழில் முரல், இமிர் என்று வரும் வினைகளிலும் மெல்லினமும் இடையினமும்தான். மலாயில் டெங்ஙுங், மாண்டரினில் வெங் வெங். நம் ஊர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று மொழிக்காரர்களுக்கும் தேனீ மூக்கால் பாடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் பல்லால். ஆகவே ரீங்காரம் என்று வரும் இடமெல்லாம் பஃஸ் போடலாம் என்று நினைத்துவிடக்கூடாது. ஆங்கிலம் இந்த வகைச் சத்தத்தை ஐந்தாறாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ஈ, தேனீ, குளவி, வண்டு எல்லாம் பஃஸ். கொசு காதோரம் வந்தால் சத்தம் உச்சத்தில் இருக்கும். அதன் இறக்கை தேனீயைவிட வேகமாக அடிப்பதே காரணம். அதற்கு வைன் என்ற சொல் பொருத்தம். பஃஸ் என்றாலும் தவறில்லை, ஆனால் கொசுவின் அந்த மெல்லிய கூர்மை வைனில்தான் வரும். குளிர்பெட்டி ஓடும் மெத்தென்ற தொடர் முழக்கம் ஹம். அதில் கரகரப்பு இல்லை, வாய் மூடி ராகம் இழுப்பதற்கும் அதே சொல்தான். கம்பத்தில் இருக்கும் மின்மாற்றி நன்றாக இருக்கும்வரை ஹம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றியின் இரும்பு அதைப்போல் இருமடங்கு, வினாடிக்கு 100 தடவை அதிர்வதால் வரும் முழக்கம் அது. உள்ளே ஏதாவது தளர்ந்து கரகரவென்று இரைய ஆரம்பித்தால் அப்போது பஃஸ். பழைய நீளக்குழாய் விளக்கின் சோக் கட்டை கெட்டுப்போகும் நேரத்தில் போடுவதும் பஃஸ்தான். ஹம்முக்கும் பஃஸ்ஸுக்கும் இடையே கோடு இதுதான்: வழவழப்பு ஹம், கரகரப்பு பஃஸ்.

மேசை விசிறி சுற்றும் சத்தம் வர். செம்பனைக் காட்டில் தூரத்தில் புல் வெட்டும் மிஷின் மணிக்கணக்காக ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருக்குமே, அது டிரோன். அலுப்பூட்டும் தொடர் சத்தம் என்ற குறிப்பு அதில் உண்டு. நீண்ட நேரம் ஒரே குரலில் பேசும் பேச்சாளருக்கும் இந்த வினையைப் போடுவார்கள். ஆண் தேனீக்கும் டிரோன் என்றே பெயர், தோட்டத்தில் மருந்தடிக்கப் பறக்கும் ஆளில்லா விமானத்துக்கும் அதே பெயர். பாம்பும், காற்றுப் போகும் டயரும் ஹிஸ்: அங்கே தொண்டை அதிராது, கடைசியில் எஸ். இந்த ஹிஸ்ஸையும் பஃஸ்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாம்புக்குத் தொண்டை அதிராத ஒலி, தேனீக்கு அதிரும் ஒலி. சொல்லைச் செய்தவர்கள் காதால் கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள். தேனீக்கு "பஸ்" என்று சொன்னால் பாதி பாம்பாகிவிடுகிறது.

தோட்டக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு சேதி. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழாய்போன்ற பைக்குள் இருக்கும். நுனியில் ஒரு சின்னத் துளைதான் வழி. கட்டைக்குள் துளைபோட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு அந்தப் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், மார்புத் தசையை மட்டும் வேகமாக அதிர வைக்கும். மகரந்தம் துளை வழியாகக் கொட்டும். பக்கத்தில் நின்றால், பறக்கும்போது வரும் சத்தத்தைவிட உச்சமான ஒரு சின்ன இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்கும். ஆங்கிலத்தில் இதற்கே பஃஸ் மகரந்தச் சேர்க்கை என்று பெயர். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. வீட்டுப் பின்புறத்தில் நாலு கத்தரிச் செடி இருந்தால் காலையில் பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டலாம். சொல்லின் பொருள் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது.

சத்தத்திலிருந்து கிளம்பிய பொருள்கள்

கூட்டத்தின் பேச்சிரைச்சல் முதலில் வரும். தீபாவளிக்கு முந்தின வாரத்துக் கடைத்தெரு, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை, தைப்பூசத்துக் கோயில் வாசல்: இவற்றை வர்ணிக்க இந்த வினை மிகப் பொருத்தம். ஆனால் அடுத்து வரும் இடைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். மக்களால் நிரம்பி இரைந்தது என்பதற்கு "பஃஸிங் வித்" மட்டுமே சரி. 'ஆல்' உருபை நினைத்துக்கொண்டு "பை" போடுவதும், 'உடைய' என்று நினைத்து "ஆஃப்" போடுவதும் கட்டுரைகளில் தொடர்ந்து வரும் பிழை. சுற்றிச் சுற்றிப் பறப்பது, பரபரப்பாக அங்குமிங்கும் திரிவது என்றால் "பஃஸ் அரவுண்ட்".

மின்சார பஃஸர் உங்களுக்குத் தெரிந்ததே. மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். இழுத்ததும் இணைப்பு அறுந்து தகடு திரும்பும். திரும்பியதும் மறுபடி இணைப்பு. பழைய மின்மணியும் இதே வேலைதான் செய்கிறது, அதில் தட்டுவதற்குச் சுத்தியலும் கிண்ணமும் உண்டு. பஃஸரில் தகடே இரையும். புதிர்ப்போட்டியில் முதலில் அழுத்துவது இதைத்தான். அடுக்குமாடியில் மேலிருந்து பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து உள்ளே விடுவதற்கு "பஃஸ் இன்" என்பார்கள். சத்தமில்லாமல் வைத்த கைப்பேசி மேசையில் அதிர்வதும் பஃஸ். "கிவ் மீ எ பஃஸ்" என்றால் எனக்கொரு போன் போடு. நண்பர்களுக்குள் சொல்லலாம், வேலை விண்ணப்பக் கடிதத்தில் எழுதக்கூடாது.

"பஃஸ் ஆஃப்" என்றால் இங்கிருந்து போ என்று விரட்டுவது. கார்ட்டூனில் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வார்கள். தம்பி தங்கையிடம் சொன்னாலே மரியாதைக் குறைவு. பெரியவர்களிடம் சொன்னால் ஏச்சு நிச்சயம். அதைச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். விமானம் வீட்டுக்கூரைகளை உரசுவதுபோல் தாழப் பறப்பதும் பஃஸ். ஒரு காரியம் தரும் கிளர்ச்சியும் பஃஸ். கூட்டங்களிலும் விளம்பரங்களிலும் பொருள் தேய்ந்துபோகும்வரை திரும்பத் திரும்ப வரும் சொல் பஃஸ்வேர்டு; 1940களில் அமெரிக்காவில் தோன்றியது. மிஷினால் ஒட்ட வெட்டும் முடிவெட்டுக்கு பஃஸ் கட் என்று பெயர். காரணம், முடிவெட்டும் மிஷினின் சத்தம். மூத்த பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை: அமெரிக்கப் பேச்சில் "பஃஸ்ட்" என்றால் லேசான போதையில் இருப்பது என்றும் பொருள். உற்சாகமாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு எஸ்பிஎம் தேர்வுக் கட்டுரையில் அதை எழுதிவிட வேண்டாம். உற்சாகத்துக்கு பிரிட்டிஷ் பேச்சில் "பஃஸிங்" என்று உண்டு. அதுவும் கொச்சைதான், கட்டுரைக்கு எக்ஸைட்டட் போதும்.

நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்தவரின் பெயரும் இதுதான். பிறந்தபோது வைத்த பெயர் எட்வின் ஆல்ட்ரின். சின்ன அக்காவுக்கு பிரதர் என்று சொல்ல வராமல் பஃஸர் என்று கூப்பிட, அதுவே சுருங்கி நிலைத்தது. 1988இல் சட்டப்படியே அதைப் பெயராக்கிக்கொண்டார். இரைபிடிக்கும் பறவையான பஃஸர்டுக்கும் இந்தச் சத்தத்துக்கும் உறவில்லை. அது பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

கட்டுரையில் ஒலிச்சொல்லைத் தனியாக எறிந்து ஆச்சரியக்குறி போட்டுத் தொடங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. "பஃஸ்! அலாரம் அடித்தது" என்ற மாதிரி. ஒரு தடவை நன்றாகத்தான் இருக்கும். எல்லாக் கட்டுரையும் அப்படியே தொடங்கினால் திருத்துகிறவருக்குச் சலிப்பு வரும். சொல்லை வினையாக்கி, எது இரைந்தது, எங்கே இரைந்தது என்று சேர்த்து எழுதினால் வாக்கியத்துக்குக் கனம் கூடும்: தலைக்குமேல் விளக்கு இரைந்தது, மேசைமேல் போன் அதிர்ந்தது. "பஃஸ் சவுண்ட்" என்று எழுதாமல் "பஃஸிங் சவுண்ட்" என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பெயர்ச்சொல்லாக "எ லவுட் பஃஸ்" என்று நிறுத்திவிடலாம்.

வகுப்பில் பழக்குவதற்கு ஃபிஃஸ்-பஃஸ் விளையாட்டைவிடச் சிறந்ததில்லை. கணினி நிரல் எழுதும் வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து 1லிருந்து ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லுங்கள். மூன்றால் வகுபடும் எண் வந்தால் எண்ணுக்குப் பதில் ஃபிஃஸ். ஐந்தால் வகுபட்டால் பஃஸ். இரண்டாலும் வகுபட்டால் ஃபிஃஸ்-பஃஸ். அது 15இல் முதலில் வரும், அடுத்து 30இல். 30 வரை போனால் ஃபிஃஸ் பத்துத் தடவையும் பஃஸ் ஆறு தடவையும் வந்துவிடும், வாய்ப்பாடும் கூடவே ஓடும். எட்டுப் பத்துப் பேர் இருந்தால் நல்லது. கூட்டம் அதிகமானால் முறை வருவதற்குள் பின்னால் நிற்பவர்கள் பேச்சில் இறங்கிவிடுவார்கள், இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். முதல் சுற்றில் மெதுவாக, விரலைத் தொண்டையில் வைத்தபடி. அடுத்த சுற்றில் கையை எடுத்துவிட்டு வேகமாக. வேகம் கூடும்போதுதான் இசட் நழுவி எஸ் ஆகும், அங்கேதான் திருத்த வேண்டும். எண் தவறினால் அவுட் என்பது எல்லா ஊரிலும் இருக்கும் விதி. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எண் சரியாக இருந்தாலும் வாயிலிருந்து வந்தது பஸ் என்றால் அவரும் அவுட்.